மொறிஸ் கண்ட எங்குமில்லா நாட்டிற் கூட்டுவேலை

ஒருவர் தம் கற்பனையால் ஒரு நாட்டைப் படைக்குமிடத்து, அந்நாட்டின் மாளிகைகளையும் சட்டங்களையும் விழாக்களையும் விரித்துரைத்தல் எளிது. அங்கே குப்பையை அள்ளுபவர் யாவர், அறுவடைக்கு அழைத்தும் வாராதவரை ஊரார் என் செய்வர் என்னும் இரு வினாக்களுக்கு விடை கூறுதலே அரிது. இவ்விரண்டற்கும் விடை கூறாத கற்பனை நாடு எத்துணை அழகுடையதாயினும் ஓவியத்திற் கண்ட நாடாகவே நின்றுவிடும். ஆங்கில இலக்கியத்திற் கூட்டுவேலையின் இன்பத்தை வில்லியம் மொறிஸ் பாடியவாறு பிறர் பாடியதில்லை. ஆகவே இவ்வினாக்களை அவர் நூலினிடத்தே எழுப்பிப் பார்த்தல் பொருத்தமாகும்.

மொறிஸ் 1834இற் செல்வக் குடியிற் பிறந்து, கவிஞராகவும், சுவர்த்தாள், துணி, கம்பளம் முதலியவற்றிற் கோலம் வரையும் கைவினைஞராகவும், பின்னர்ச் சமதருமக் கொள்கையின் பிரசாரகராகவும் வாழ்ந்து 1896இல் மறைந்தவர். 'நியூஸ் புறொம் நோவெயர்', அஃதாவது 'எங்குமில்லா நாட்டுச் செய்திகள்', அவர் தொடர்புகொண்டிருந்த 'கொமன்வீல்' என்னும் பத்திரிகையில் 1890இல் தொடராக வெளிவந்து, அடுத்த ஆண்டு நூலாயிற்று. கூட்டமொன்றிற் கலந்துகொண்டு மனச்சலிப்போடு வீடு திரும்பிய ஒருவர், உறங்கி எழுந்து பார்க்கும்பொழுது இலண்டனின் ஹமர்ஸ்மித் பகுதி முற்றாக மாறியிருக்கக் காண்கிறார். தொழிற்சாலைப் புகை இல்லை. தேம்ஸ் நதி தெளிந்தோடுகின்றது. ஆற்றின் குறுக்கே எழில்மிக்க கற்பாலம் ஒன்று நிற்கின்றது. அது 2003இல் திறக்கப்பட்டதென்று அங்குள்ளார் கூறுவர். பெரும் புரட்சி 1952இல் நிகழ்ந்ததென்பதும் அந்நூலின் கணக்கு. இவ்விரண்டு ஆண்டுகளும் கடந்துபோய்விட்டன. ஆயினும் அதனால் நூல் பொய்த்துவிட்டதென்று தள்ளிவிடுதல் தகாது. சோதிட நூலைப் படிப்பதுபோலக் கற்பனை நூலைப் படிப்பவர் அதன் பயனை இழப்பர்.

இந்நாட்டில் நாணயம் இல்லை, கூலி இல்லை, மேற்பார்வையாளர் இல்லை. விருந்தினரை ஆற்றிலே படகேற்றிச் சென்ற டிக் என்னும் இளைஞன், கூலியாக நீட்டப்பட்ட காசைக் கண்டு குழம்புகின்றான். அவனுக்கு ஆற்றின் மேற்பகுதியில் நிகழவிருக்கும் புல்லறுவடைக்குச் செல்ல விருப்பம். நெசவிலும் கணிதத்திலும் மூழ்கிச் சலித்திருந்த நண்பனொருவனோ திறந்த வெளியில் உடல் வருந்தி வேலை செய்ய விரும்புகின்றான். இருவரும் ஒரு சொல்லிலே தொழிலை மாற்றிக்கொள்கின்றனர். பிறிதோரிடத்தில் இளைஞர் கூட்டமொன்று வீதி திருத்துகின்றது. அவர்களின் பொன்னிழையும் பட்டும் பின்னிய மேலாடைகள் ஓரத்திலே கிடக்க, ஆறு வயதுச் சிறுவனொருவன் பெரிய நாயொன்றின் கழுத்தை அணைத்தபடி அவற்றிற்குக் காவலிருக்கின்றான். பக்கத்திலே உணவுக்கூடை. வேடிக்கை பார்க்கும் இளம்பெண்கள் சிலர். வேலை என்பது ஈண்டு ஒருவகை விளையாட்டாகவே மாறிவிட்டது. இத்தகைய காட்சிகளை வரைவதில் மொறிசுக்கு நிகர் அவரே. தறியிலும் சாயத்தொட்டியிலும் தம் கையாலே பாடுபட்டவர் ஆதலின், உடலுழைப்பின் களிப்பை அவர் புத்தகங்களிற் படித்து எழுதினாரல்லர்.

கூலியில்லையேல் மக்கள் ஏன் உழைக்கின்றனர் என்னும் வினாவை, நூற்றைந்து வயதைக் கடந்த ஹமண்ட் என்னும் முதியவரிடம் விருந்தினர் கேட்கின்றார். உழைப்பின் ஊதியம் வாழ்வே என்பதும், படைப்பின் இன்பமே போதிய ஊதியம் என்பதும் முதியவரின் விடையின் சாரம். வருத்தந்தரும் வேலைகளைத் திருந்திய இயந்திரங்கள் செய்யுமாம். ஒருநாள் வேலைக்கே பஞ்சம் வந்துவிடுமோ என்பதே அந்நாட்டாரின் அச்சமாம். திருவள்ளுவர் ஒப்புரவறிதலிலே மழையைக் காட்டிப் பதிலுதவி நாடாத கடமையைப் போற்றியதை அறிந்த நம் மாணவருக்கு இக்கொள்கை புதியதன்று. எனினும் ஒன்று நோக்கற்பாலது. வள்ளுவர் கூறியது உலகினர்க்கு உதவும் ஒப்புரவை. அங்கே ஈவார் ஒருவர், பெறுவார் மற்றொருவர். கூட்டுவேலையோ இன்று உன் வயல், நாளை என் வயல் என்னும் முறையில் நிகழ்வது. அதிலே யார் வந்தார், யார் வரவில்லை என்னும் நினைவு உண்டு. அந்நினைவே அவ்வழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கயிறு. மொறிஸ் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கட்டு மாத்திரம் குலையாது நிற்குமென்று நம்பினார்.

அவர் ஏன் அவ்வாறு நம்பினார் என்பதை அறியவேண்டின், அவருக்கு முன் இவ்வழியிற் சென்றவரை நோக்கல் வேண்டும். 1516இல் லூவேன் நகரில் இலத்தீன் மொழியில் வெளிவந்த தோமஸ் மோரின் 'யுற்றோப்பியா'வில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் உழைப்பர். யாவரும் முறைவைத்து நாட்டுப்புறஞ் சென்று ஈராண்டு வேளாண்மை செய்வர். அறுவடை வந்ததும் எத்தனை பேர் வேண்டுமென்பது நகரத்தாருக்கு அறிவிக்கப்படும். அத்தொகையினர் குறித்த நாளில் வந்திறங்க, வானிலை நன்றாயின் ஏறக்குறைய ஒரே நாளில் அறுவடை முழுவதும் முடிந்துவிடும். இதனைப் படிக்கையில் மனம் மகிழவே செய்யும். ஆயின் அதே நாட்டில் முப்பது குடும்பங்களுக்கு ஒருவராகத் தெரிவாகும் அதிகாரியின் முதன்மையான, கிட்டத்தட்ட ஒரேயொரு, கடமை ஒருவரும் சோம்பியிராதபடி பார்த்துக்கொள்வதே. மேலும், பொது உணவு மண்டபத்தின் அழுக்கான, பாரமான வேலைகளை அடிமைகள் செய்வர். கால்நடைகளை அறுக்கும் தொழிலும் அவர்களுடையதே. கொலைத்தொழில் குடிமக்களின் இரக்கவுணர்வை மழுங்கச் செய்யுமாம். பொன்னை இழிந்த பொருளாகக் கருதும் அந்நாட்டார், அதனை அடிமைகளின் விலங்காகவும் மலசலக் கலங்களாகவும் வார்ப்பர். பொன்னின் மதிப்பைக் குறைக்கும் இந்நகைச்சுவையைப் பாராட்டாதாரில்லை. அவ்விலங்கை அணிந்திருப்பவன் ஒரு மனிதன் என்பதைத்தான் பாராட்டுவோர் மறந்துவிடுகின்றனர். முதல் வினாவிற்கு மோரின் விடை அடிமை. இரண்டாம் வினாவிற்குக் காவல்.

அமெரிக்கரான எட்வேட் பெல்லமி 1888இல் வெளியிட்ட 'லுக்கிங் பக்வேட்' என்னும் நூலைப் பற்றி நீளக் கூற வேண்டியதில்லை. அதிற் காணும் 2000ஆம் ஆண்டின் பொஸ்ரன் நகரத்தார் இருபத்தொரு வயது முதல் நாற்பத்தைந்து வரை தொழிற்படையிற் சேவை செய்வர். முதல் மூன்று ஆண்டுகள் யாவரும் சாதாரண வேலைகளைச் செய்தல் வேண்டும். கடினமான தொழிலுக்கு நேரம் குறைவு. எளிய தொழிலுக்கு நேரம் மிகுதி. வேலை செய்ய வலுவிருந்தும் விடாப்பிடியாக மறுப்பவனுக்குத் தனிச்சிறையும் உரொட்டியும் தண்ணீருமே கிடைக்கும். படைமுகாமின் ஒழுங்கை நாடு முழுவதற்கும் விரித்த இந்நூலைப் படித்த மொறிஸ், 1889இற் 'கொமன்வீல்' பத்திரிகையிலேயே அதனைக் கண்டித்து எழுதினார். வேலையிலே இன்பம் உண்டாதல்தான் உண்மையான தூண்டுதல் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய கதை அவ்வாதத்தின் விரிவென்று கொள்ளல் பிழையாகாது. மோரை அவர் நன்கறிந்திருந்தார் என்பதிலும் ஐயமில்லை. 'யுற்றோப்பியா'வின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தம் முன்னுரையோடு 1893இற் கெல்ம்ஸ்கொற் அச்சகத்திற் பதிப்பித்தவர் அவர்.

ஆகவே அடிமையையும் காவலையும் சிறையையும் நீக்கிய ஒரு கூட்டுவேலை மரபைப் படைத்துக் காட்டுவதே மொறிசின் நோக்கம். அது மிக உயர்ந்த நோக்கம். அது நிறைவேறியதா என்பதை அறிய, அவர் நாட்டின் குப்பைக்காரனையே முதலிற் காணலாம்.

விருந்தினர் இல்லத்து மண்டபத்தில் ஒருவன் பொன்னாடை மின்ன நுழைகின்றான். இடைக்காலப் பிரபு ஒருவனுக்கு ஒப்பான அவனுடைய தோற்றத்தைக் கண்டு விருந்தினர் வியக்க, அவன் குப்பை அகற்றுபவன் என்று டிக் கூறுகின்றான். சாள்ஸ் டிக்கன்சின் நாவலொன்றில் வரும் பாத்திரத்தின் பெயரால் அவனை நண்பர்கள் பொஃபின் என்று பரிகாசமாக அழைப்பர். ஓய்வு நேரத்திற் பழைய காலத்தைப் பற்றி நாவல் எழுதுவதும் அவன் வழக்கம். மோரின் நாட்டில் இழிதொழில் செய்பவனுக்குப் பொன் விலங்காக இருந்தது. மொறிசின் நாட்டில் அதுவே அவன் மேலாடையை அலங்கரிக்கின்றது. இம்மாற்றம் ஆழ்ந்த பொருளுடையது. தொழிலுக்கு இழிவு கற்பியாத சமுதாயம் எப்படியிருக்குமென்பதை நூறு பக்க விளக்கத்திலும் இந்த ஒரு மேலாடை தெளிவாகக் காட்டிவிடுகின்றது. தொழிலைக்கொண்டு மனிதனைத் தீண்டத்தகாதவனாக்கிய வரலாறுடைய நம்மவர் இவ்விடத்தைச் சற்று நின்று படித்தல் நன்று.

ஆனால் பொஃபின் குப்பை அள்ளுவதை நூலில் ஓரிடத்தும் நாம் காண்பதில்லை. அவனை உணவு மண்டபத்திற் காண்கிறோம். அவன் வண்டியை, அவன் கையை, அவன் தொழிலின் நாற்றத்தைக் காணோம். வீதி திருத்துவோரின் வியர்வையை மகிழ்வோடு வரைந்த எழுதுகோல், குப்பை வண்டியின் அருகே வந்ததும் தயங்கிவிட்டது. அழகுடைய உழைப்பை அவர் வருணிக்கின்றார். அழகற்றதை அறிவிக்க மாத்திரம் செய்கின்றார். இன்பமே உழைப்பின் தூண்டுகோல் என்னும் கொள்கையின் வலுக்குறைந்த இடம் இதுவே. விருந்தினர் இல்லத்திற் காலையுணவு பரிமாறுவோர் பெண்களாகவே இருப்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அதனைப் பற்றிக் கேட்டபோது, இல்லம் பேணுதல் மதிப்பிற்குரிய கலையென்று ஹமண்ட் விடை கூறுகின்றார். கலையாயின் அதன் இன்பத்தை ஆடவர் ஏன் பங்குகேட்டு வரவில்லை என்பதற்கு விடையில்லை.

இனி நூலின் பிற்பகுதி முழுவதும் எதனை நோக்கிச் செல்கின்றதோ அந்தப் புல்லறுவடையை நோக்குவோம். குளிர்காலத்தில் ஆடுமாடுகளுக்குத் தீனி வேண்டுமாதலின், கோடையிற் புல்லை அறுத்து, வெயிலிற் பரப்பிப் புரட்டி, உலர்த்திச் சேர்த்தல் இங்கிலாந்து நாட்டுப்புறத்தின் தலையாய கூட்டுவேலையாக நெடுங்காலம் இருந்துவந்தது. மழை வந்து நனைத்தால் அறுத்த புல் பழுதாகும். ஆகையால் வெயில் நிற்கும் சில நாட்களுக்குள் ஊர் முழுவதும் திரண்டு வேலை முடித்தாக வேண்டும். இந்த அவசரமே கூட்டுறவின் தாய்.

விருந்தினரின் படகு செல்லும் ஆற்றின் கரையிலே, ஒக்ஸ்போட் நகருக்குச் சற்று மேலே, யாண்ரன் என்னும் ஊரின் புல்வெளிகள் உண்டு. பொதுவாயிருந்த அப்புல்வெளியில் எவர் எந்தத் துண்டை அறுப்பதென்பதைப் பதின்மூன்று மரவுருண்டைகளைப் பையிலிட்டுக் குலுக்கி எடுத்து ஆண்டுதோறும் தீர்மானிப்பர். ஒவ்வோர் உருண்டையிலும் பழைய குடியானவர் ஒருவரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நிலவியது. நல்ல புல்லுள்ள துண்டை எல்லாரும் விரும்புவர், அதனாற் பூசல் விளையும் என்பதை மறையாது ஏற்றுக்கொண்ட மக்களின் அறிவு அந்த மரவுருண்டைகளில் இருக்கின்றது. அவர்கள் ஒருவரையொருவர் தேவரென்று எண்ணவில்லை. ஆகையாற்றான் நெடுங்காலம் ஒன்றாக வேலை செய்ய முடிந்தது. பழைய இங்கிலாந்தை ஆழ்ந்து நேசித்தவர் மொறிஸ். 1871 முதல் அதே ஆற்றின் கரையிற் கெல்ம்ஸ்கொற் என்னும் ஊரில் வீடொன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரும் ஆவர். எனினும் அவர் கண்ட நாட்டின் புல்வெளியில் யாண்ரன் உருண்டைகளுக்கு ஒத்த ஒன்றும் இல்லை. வண்ணக் கூடாரங்கள் உண்டு. வண்ண ஆடைகள் உண்டு. மழையைப் பற்றிய அச்சம் மாத்திரம் எவர் முகத்திலும் இல்லை.

ஓரேயோர் இடத்தில் இந்நிலை மாறுகின்றது. 'பிடிவாதமாக மறுத்தோர்' என்று தலைப்பிட்ட அதிகாரம் அது. படகிற் செல்வோர் வழியிலே சிலர் வீடு கட்டிக்கொண்டிருப்பதைக் காண்கின்றனர். ஊரெல்லாம் புல்லறுவடைக்குச் செல்ல, இவர்கள் மாத்திரம் போகவில்லை. சிற்பவேலையில் வல்ல பிலிப்பா என்னும் பெண் நோயுற்றிருந்தமையால் வேலை தாமதமாயிற்று. அவளின்றி அவ்வேலை சிறக்காது. ஆகவே அவள் நலமாயிருக்கும் இப்பருவத்திற் கட்டி முடித்துவிட வேண்டுமென்பது அவர்கள் எண்ணம். ஊரார் அவர்களைப் பரிகாசஞ் செய்கின்றனர்; அவர்களும் எதிர்நகை செய்கின்றனர். பிலிப்பாவோ உளியை விட்டுக் கண்ணெடுப்பதற்கே விருப்பமில்லாதவளாயிருக்கின்றாள். சில பக்கங்களே கொண்ட இவ்வதிகாரம் நூலின் சிறந்த பகுதியென்று துணிந்து கூறலாம். ஏனெனில் இங்கேதான் ஊருக்கு ஒரு விருப்பமும் சிலருக்கு வேறொரு விருப்பமும் முரண்படுகின்றன. இங்கேதான் வாராதவரை நினைத்துப் பெயர்வைத்துப் பேசும் ஊரின் நாக்கு கேட்கின்றது. அந்தப் பரிகாசம் சிறையுமன்று, அடிமைத்தளையுமன்று. எனினும் அதற்கு ஒரு வலிமை உண்டு. கூட்டுவேலை மரபுகளைக் காப்பதிற் சட்டத்துக்கும் இன்பத்துக்கும் நடுவே நிற்கும் அந்த வலிமையை மொறிஸ் இங்கே தொட்டுவிட்டார். இந்த மறுப்போர் சோம்பேறிகளாய் இருந்திருப்பின் ஊரார் என் செய்திருப்பர் என்று கேட்டிருந்தால் அவர் நூல் இன்னும் உயர்ந்திருக்கும். மறுப்பதற்கும் மேலான வேலையொன்றைக் காரணமாகக் கொடுத்து அவர் அவ்வினாவைத் தவிர்த்துவிட்டார்.

இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று என்பதற்கு இலங்கையின் வரலாறே சான்று. கொழும்பிலே 1877இற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி மொறிசிடம் பெருமதிப்பு வைத்தவர். தமது 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலை அவர் 1908இல் அச்சிட்டு முடித்தது, மொறிஸ் கெல்ம்ஸ்கொற் அச்சகத்திற் பயன்படுத்திய அதே அச்சுப்பொறியிலேயாகும். கண்டி நாட்டுக் கைவினைஞர் சேவைக்கீடாக நிலம் பெற்றிருந்தமையையும், அந்நிலம் அளித்த பாதுகாப்பால் அவர்கள் அவசரமின்றித் தொழில் செய்தமையையும் குமாரசுவாமி அந்நூலிலே விளக்கினார். மொறிஸ் வருங்காலத்திற் காண விரும்பியதை அவர் சென்ற காலத்திற் கண்டார் எனலாம். ஆனால் அந்தச் சென்ற காலத்தின் அமைப்பிற்கு இராசகாரியம் என்று பெயர்; அது கட்டாயத்தை உள்ளடக்கியது. கோல்புறூக்கின் விதப்புரைப்படி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. மனிதனைக் கட்டாய ஊழியத்தினின்று விடுவித்த அச்செயல் நியாயமானதே. ஆயினும் குளக்கட்டைத் திருத்தவும் வாய்க்காலைத் துப்புரவு செய்யவும் ஊராரை ஒருங்கு கூட்டிய அதிகாரமும் அதனோடு தளர்ந்தமையாற் பலவிடங்களில் நீர்ப்பாசனம் சீர்கெட்டது. பின்னர்த் தேசாதிபதி சேர் ஹென்றி வாட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால், வயலுடையோரின் இணக்கத்தோடு பழைய வழக்கங்களை மீள நிலைநாட்டவும் அவற்றை மீறுவோரைத் தண்டிக்கவும் வழிசெய்ய வேண்டியதாயிற்று. கட்டாயம் நீங்கிய இடத்தில் இன்பம் தானாக வந்து நிரப்பிவிடவில்லை. குளக்கட்டிலே மண் சுமப்பவனுக்கு வீதி திருத்தும் இளைஞரின் பட்டு மேலாடை இல்லை. அவனுக்கு வேண்டியது அயலவனும் தன்னைப்போல் மண் சுமக்கின்றான் என்னும் உறுதி.

இவ்வாறு கூறுவதால் மொறிசின் பெருமை குறைந்துவிடுவதில்லை. உழைப்பைத் தண்டனையாகவும் ஓய்வை விடுதலையாகவும் எண்ணிய காலத்தில், உழைப்பு எவ்வாறு வாழ்வின் சுவையாகலாம் என்று அவர் கேட்டார். மோரும் பெல்லமியும் உழைக்கும் நேரத்தைக் குறைப்பதிலே கருத்தைச் செலுத்தினர். மொறிஸ் உழைப்பின் தன்மையையே மாற்ற முனைந்தார். இம்மூவருள்ளும் தொழிலாளியின் கையைக் கண்டவர் அவர் ஒருவரே. அவருடைய குறை, தாம் விரும்பிச் செய்த வேலையையே எல்லா வேலைக்கும் அளவுகோலாகக் கொண்டமையாகும். சாயம் தோய்ப்பதிற் கை நீலமாவதை அவர் மகிழ்ச்சியோடு ஏற்றார். ஆனால் மறுநாள் அதனைச் செய்யாது கவிதை எழுதவும் அவரால் இயன்றது. அந்த மாற்றத்துக்கு உரிமை இல்லாதவனின் கை வேறு.

அதனை அவர் அறியாதவருமல்லர். நூலின் முடிவு அவ்வறிவைக் காட்டிக்கொடுக்கின்றது. வழியிலே கரையோரப் புல்வெளிகளில் மக்கள் வேலை செய்வதை விருந்தினர் கண்டிருந்தார். ஆனால் தாம் தேடிச் சென்ற அறுவடையில் அவர் கைவைக்கவில்லை. வேலை தொடங்குமுன் விருந்துண்ணல் அவ்வூர் வழக்கம். பழைய தேவாலயம் மலர்களால் அலங்கரிக்கப்பட்டிருக்க, ஊரார் மகிழ்ந்து அமர்கின்றனர். வாயிலில் நிற்கும் விருந்தினரை எவரும் காணவில்லை. டிக்கின் பார்வை அவரை ஊடுருவிச் செல்கின்றது. அவரோடு நெருங்கிப் பழகிய எலன் மாத்திரம் ஒரு கணம் துயரத்தோடு நோக்கித் தலையசைக்கின்றாள், அவளும் மறைகின்றாள். ஒரு பிடி புல்லும் அறுபடுமுன் அந்நாடு அவருக்கு இல்லாமற் போகின்றது. வெளியே வந்து பாதை வழியே செல்பவருக்கு எதிரில் ஒரு கிழவன் வருகின்றான். கிழவன் என்பது தோற்றத்துக்கு மாத்திரமே. வயது ஐம்பதுக்குச் சற்றே மேல். உடல் கூனி, கண் மங்கி, காலை இழுத்து இழுத்து நடக்கின்றான். கடந்து செல்லும்போது தொப்பியைத் தொட்டுப் பணிவோடு வணங்குகின்றான். நூல் முழுவதும் வந்த உழைப்பாளருள் உழைப்பு தன் அடையாளத்தை உடலிலே பொறித்துவிட்ட ஒருவன் இவனே. அவனுடைய பெயரை மொறிஸ் கூறவில்லை.